மூன்று ஊசி போட்டும் மரத்துப்போகாத பல்

கேள்வி: எனக்கு வயது 32. நாமக்கல் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறேன். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் சாய்ந்து, பாதி ஈறுக்குள் புதைந்து கிடக்கிறது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை வலப்பக்கம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போகிறது. இரண்டையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கும் சம்மதம்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சொத்தைக் கடைவாய்ப்பல்லை எடுத்தபோது மூன்று ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது. நான் கத்தக் கத்தத்தான் பிடுங்கினார்கள். “உனக்கு ஊசி ஏறாத உடம்பு, அலர்ஜி மாதிரியும் தெரிகிறது” என்றார் அந்த டாக்டர். அதிலிருந்து பல் கிளினிக் வாசலைப் பார்த்தாலே வியர்க்கிறது. இப்போது ஒரு டாக்டர், மரப்பு ஊசி போட்டே ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்கிறார். இன்னொரு மருத்துவமனையில், முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் இரண்டையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். “பல்லுக்குப் போய் முழு மயக்கமா? எழுந்திருக்காமல் போய்விட்டால்?” என்று என் கணவர் பயப்படுகிறார். எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான் எதைத் தேர்ந்தெடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: “கத்தக் கத்த” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்று நடந்தது தவறு. மரத்துப்போகவில்லை என்று நோயாளி சொன்னால் குறடைக் கீழே வைத்துவிட வேண்டும். மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம், வேறு ஊசி போடலாம், இன்னொரு நாள் வரச் சொல்லலாம். பிடித்து இழுப்பது மட்டும் கூடாது. ஊருக்கு உபதேசம் செய்வதாக நினைக்க வேண்டாம். ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். வெளியே நீண்ட வரிசை, நாற்காலியில் ஒரு பெரியவர். “வலிக்குது தம்பி” என்றார். “இதோ ஆச்சு அய்யா” என்று சொல்லிக்கொண்டே பல்லை எடுத்துவிட்டேன். பின்னால் நின்ற பேராசிரியர் அன்று எல்லோர் முன்பும் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெரியவர் அதற்கப்புறம் பல் டாக்டரிடம் போயிருப்பாரா என்பதுதான் திட்டைவிட அதிகமாக உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். எந்த மயக்கம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், அன்று ஏன் மரத்துப்போகவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஊசி ஏறாத உடம்பு’ மிக அபூர்வம். ஊசி ஏறாத பல் தினமும் வரும்.

நாங்கள் போடுவது பெரும்பாலும் லிக்னோகெய்ன். சுவீடனில் 1943-இல் உருவான மருந்து. இன்றும் உலகின் பல நாடுகளில் பல் மருத்துவத்தில் அதன் ஆட்சிதான். பாட்டிலில் அது உப்பு வடிவில், லேசான அமிலமாக இருக்கும். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு மின்னேற்றம் இல்லாத வடிவுக்கு மாறும். அந்தப் பங்குதான் நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போய் வலிச் செய்தியை நிறுத்தும். நல்ல திசுவில் ஏறக்குறைய கால்வாசி மருந்து இப்படி மாறிவிடும். சீழ் பிடித்து வீங்கிய இடம் அமிலமாக இருக்கும். அங்கே மாறுகிற பங்கு வெகுவாகக் குறைந்துவிடும். போதாததற்கு, அழற்சியில் இருக்கும் நரம்பு சும்மா இருக்கும்போதே கூச்சல் போடுகிற நரம்பு. விருந்தாளி வாசல் வரைக்கும் வந்தும் கதவு திறக்காத கதைதான். மூன்று வருடத்துக்கு முன்பு நீங்கள் கிளினிக்குக்குப் போனபோது கன்னம் வீங்கியிருந்ததா? ராத்திரி தூங்காமல் விடிந்ததும் ஓடினீர்களா? ஆம் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி கீழ்த்தாடையின் அமைப்பில் இருக்கிறது. மேல்தாடை எலும்பு மெல்லியது, பல்லுக்குப் பக்கத்தில் போட்டாலே மருந்து ஊறி இறங்கிவிடும். கீழே கடைவாயில் எலும்பு கெட்டி. அதனால் பல்லுக்குப் போகும் நரம்பு எலும்புக்குள் நுழைகிற வாசலுக்கே போய், வாயின் பின்பக்கம் தாடையின் உள்புறத்தில் ஊசி போடுகிறோம். அந்த வாசல் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவி அனுமானித்துத்தான் போட வேண்டும். ஆளுக்கு ஆள் அதன் இடம் சில மில்லிமீட்டர் மாறும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சில நாள் தவறும், எனக்கும் தவறும். தவறிவிட்டதா என்பதை உதடு சொல்லிவிடும்: அந்தப் பக்கத்துக் கீழுதடு நடு வரைக்கும் தடித்துக் கனமாக வேண்டும். பத்து நிமிடம் ஆகியும் உதடு கனக்கவில்லை என்றால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

சிலருக்கு உதடு நன்றாக மரத்திருக்கும், பல் மட்டும் வலிக்கும். அந்தப் பல்லுக்கு வேறொரு கிளை நரம்பும் வந்து சேர்கிறது என்று அர்த்தம். அதற்கும் வழி உண்டு. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள நார்ப்பகுதியில் நேராகச் சில துளிகள் போடலாம். ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கோ-கேட்ஸ் 1973-இல் விவரித்த முறையில், இன்னும் மேலே போய் நரம்பைப் பிடிக்கலாம். ஆர்ட்டிகெய்ன் என்ற மருந்து எலும்பில் கொஞ்சம் நன்றாக ஊறும், அதைப் பக்கவாட்டில் கூடுதலாகப் போடலாம். ஆகவே அன்று உங்கள் உதடு தடித்ததா இல்லையா என்பதை யோசித்துப் பார்த்து, அடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலை வைத்தே அவர் தன் முறையை மாற்றிக்கொள்வார்.

மூன்று ஊசி என்பது பயப்படுகிற அளவும் இல்லை. அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெய்னுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். நீங்கள் 55 கிலோ என்று வைத்துக்கொண்டால் 385 மில்லிகிராம். இரண்டு மில்லி ஊசி ஒன்றில் இருப்பது 40 மில்லிகிராம்தான்.

அடுத்தது அந்தப் படபடப்பு. மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் அங்கேயே நிற்கவும், ரத்தம் அதிகம் வராமல் இருக்கவும் மரப்பு ஊசியில் மிகக் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும், 80,000-இல் ஒரு பங்கு. ஊசி முனை சின்ன ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ, வேகமாக அழுத்திவிட்டாலோ அது சட்டென்று ரத்தத்தில் ஏறி நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். பயத்தில் உங்கள் உடம்பே சுரந்த அட்ரினலின் அதற்கு மேல் சேர்ந்திருக்கும். அலர்ஜி இப்படி வருவதில்லை. உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், கண் இமையும் உதடும் வீங்கும், மூச்சு இழுக்கும். லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிகவும் அரிது.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி கையிலேயே இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு பிரசவம் ஆகியிருக்கிறதே! சிசேரியன் என்றால் முதுகில் ஊசி போட்டிருப்பார்கள். அதில் வழக்கமாக இருப்பது புபிவக்கெய்ன், லிக்னோகெய்னின் பங்காளி, அதே குடும்பம். சுகப்பிரசவமாகித் தையல் போட்டிருந்தால் அங்கே போட்டது பெரும்பாலும் லிக்னோகெய்னேதான். அன்று இடுப்புக்குக் கீழே மரத்ததா? தடிப்பு, மூச்சுத்திணறல் எதுவும் வந்ததா? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எல்லாம் நல்லபடியாக நடந்திருந்தால் ‘ஏறாத உடம்பு’, ‘அலர்ஜி’ இரண்டும் ஒரே அடியில் அடிபட்டுப் போகும். அதற்கப்புறமும் சந்தேகம் இருந்தால் அலர்ஜி நிபுணரிடம் ஒருமுறை சோதித்து முடிவைக் காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்காமலே உங்கள் ஃபைலில் ‘அலர்ஜி’ என்று எழுதிவிட்டால், நாளைக்குக் காலில் அடிபட்டுத் தையல் போடக்கூட டாக்டர்கள் தயங்குவார்கள்.

இனி மயக்கத்துக்கு வருகிறேன். பலர் இதை ஏணி மாதிரி நினைக்கிறார்கள்: கீழ்ப்படியில் மரப்பு ஊசி, அதற்கு மேல் மூக்கால் இழுக்கும் கேஸ், அதற்கு மேல் ரத்தக்குழாயில் போடும் மருந்து, உச்சியில் முழு மயக்கம். மேலே போகப் போக வலி குறையும் என்பது கணக்கு. என் அனுபவத்தில் இதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு வரும். வலிக்கு ஒரு மருந்து, பயத்துக்கு ஒரு மருந்து. வலிக்கு மரப்பு ஊசிதான். கேஸ் கொடுத்தாலும் அதைப் போடுவோம், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினாலும் போடுவோம். முழு மயக்கத்தில் ஆழ்ந்து கிடக்கும்போதுகூடப் போடுவோம், ரத்தம் குறையும், எழுந்ததும் வலி தெரியாது. மற்ற மூன்றும் முக்கியமாகப் பயத்தையும் நினைவையும் பார்த்துக்கொள்கிறவை. ஊசி தப்பினால் அதற்கு மாற்றாகக் கேஸ் வராது.

கேஸை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சாட்சி. அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்சைடை இழுத்துக்கொண்டு தன் பல்லையே எடுக்கச் சொன்னார். வலிக்கவில்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் டாக்டர்கள் முன்னால் செய்து காட்டப் போனார். கேஸ் சரியாக ஏறுவதற்குள் பையை எடுத்துவிட்டார்கள், நோயாளி கத்திவிட்டார், கூடியிருந்தவர்கள் ஏமாற்றுக்காரன் என்று கூச்சலிட்டார்கள். கத்தியது நீங்கள் மட்டும் இல்லை, பார்த்தீர்களா.

அந்தக் கேஸ் இன்றும் இருக்கிறது. மூக்கில் சின்ன முகமூடி வைத்து, ஆக்சிஜனோடு கலந்து கொடுப்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உடம்பு லேசாகி, நடப்பதெல்லாம் யாருக்கோ நடப்பது போலிருக்கும். பேசலாம், பதில் சொல்லலாம். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். பால் கொடுப்பதற்குத் தடையில்லை. மூக்கடைப்பு இருந்தால் வேலை செய்யாது. பி12 சத்து மிகவும் குறைவாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்களில் எல்லாக் கிளினிக்கிலும் கேஸ் கிடைக்காது. குழந்தைகளுக்குப் பல் பார்க்கிற இடங்களில் விசாரித்தால் கிடைக்கலாம்.

ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் முறையில் பெரும்பாலும் மிடாசோலம் கொடுப்பார்கள். அரைத்தூக்கம் என்று சொல்லலாம். கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், வாயைத் திற என்றால் திறப்பீர்கள், வீட்டுக்குப் போனதும் ஒன்றும் நினைவிருக்காது. உங்களைப் போல் பழைய காயம் மனதில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். இதற்கு மயக்க டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி மாட்டியிருக்க வேண்டும், அன்று முழுக்க நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். முதல் நாள் ராத்திரி ஒரு மாத்திரை, காலையில் ஒன்று என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. மாத்திரை யாருக்கு எவ்வளவு ஏறும் என்று சரியாகக் கணிக்க முடியாது, கைக்குழந்தை வேறு இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

முழு மயக்கம் என்றால் ஆபரேஷன் தியேட்டர். முன்னதாக ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க டாக்டரின் சோதனை எல்லாம் நடக்கும். ஆறு மணி நேரமாவது திட உணவு கூடாது, பாலும் காப்பியும் திட உணவுக் கணக்கில்தான் சேரும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரைக்கும் குடிக்கலாம். வாயில் வேலை நடப்பதால் சுவாசக் குழாயை மூக்கு வழியாக விடுவார்கள். எழுந்ததும் ஒருநாள் தொண்டை கரகரக்கும், சிலருக்குக் குமட்டும். செலவு பல மடங்கு. ஆனால் ஒரே நாளில் இரண்டு பக்கமும் முடிந்துவிடும். வாயே திறக்க முடியாதவர்கள், ஆழமாகப் புதைந்த பற்கள், நாற்காலியில் ஒத்துழைக்க முடியாத பிள்ளைகள் என்றால் நானே இதைத்தான் சொல்வேன். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: இரண்டு கன்னமும் ஒன்றாக வீங்கும். எந்தப் பக்கமும் மெல்ல முடியாமல் ஒரு வாரம் கஞ்சியும் குழைந்த சாதமுமாக, கையில் எட்டு மாதக் குழந்தையோடு.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. பல்லுக்காகக் கொடுத்தாலும் முழு மயக்கம் முழு மயக்கம்தான். ஆரோக்கியமான 32 வயதுக்காரருக்கு, நல்ல மருத்துவமனையில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் இடம் முக்கியம். பிரிட்டனில் ஒரு காலத்தில் பல் கிளினிக் நாற்காலியிலேயே முழு மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரணங்கள் நடந்த பிறகு விதிகளை இறுக்கி, 2001-இன் முடிவோடு கிளினிக்குகளில் அதை நிறுத்தி, மருத்துவமனையில் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே “மயக்கம் யார் கொடுப்பார்? மயக்க மருத்துவத்தில் எம்.டி. படித்தவரா, டி.ஏ. என்ற டிப்ளமோ படித்தவரா? முடியும் வரை பக்கத்திலேயே இருப்பாரா? எழுந்தபின் எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்?” என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பதில் தெளிவாக வந்தால் பயப்பட வேண்டியதில்லை. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தாய்ப்பால்: மரப்பு ஊசிக்குப் பிறகு வழக்கம்போல் கொடுக்கலாம். அரைத்தூக்கமோ முழு மயக்கமோ என்றால், போவதற்கு முன்பு கொடுத்துவிட்டு, நீங்கள் நன்றாகத் தெளிந்து குழந்தையைப் பத்திரமாகப் பிடிக்க முடிகிறபோது மறுபடி ஆரம்பிக்கலாம். ஒரு வேளைக்குப் பால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் அவசரம் இருக்காது. அன்று ராத்திரி மட்டும் குழந்தையை உங்கள் படுக்கையில் போட்டுக்கொள்ள வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் போதும். டிரமடால், கோடீன் எழுதினால் பால் கொடுக்கிறேன் என்று சொல்லி மாற்றி வாங்குங்கள். தைராய்டு மாத்திரையை அன்று காலையும் ஒரு வாய் தண்ணீரோடு போட்டுவிடுங்கள். அட்ரினலினுக்கு யோசிக்க வேண்டியது தைராய்டு கட்டுப்பாடில்லாமல் அதிகமாகச் சுரப்பவர்களுக்கு. கடைசி ரிப்போர்ட்டைக் காட்டினால் போதும்.

என் யோசனை இது. வீக்கம் இருக்கும்போது போகாதீர்கள். இப்போது வலப்பக்கம் கனன்றுகொண்டிருந்தால் முதலில் சுத்தம் செய்து, தேவையானால் மருந்து சாப்பிட்டு அடங்க விடுங்கள். நமக்கு வலிக்கும்போதுதான் பல் டாக்டர் ஞாபகம் வருவார், வலி போனால் போன் பண்ணித் தேதியைத் தள்ளிவிடுவோம். வலி சுத்தமாக இல்லாத நாள்தான் ஊசி நன்றாக ஏறும் நாள். அடங்கியதும், அடிக்கடி வீங்குகிற வலப்பக்கத்தை மட்டும் மரப்பு ஊசியில் எடுத்துக்கொள்ளுங்கள், வாய், தாடை அறுவை செய்யும் ஒரு ஓரல் சர்ஜனிடம். மயக்க டாக்டர் வந்து அரைத்தூக்கம் கொடுக்கிற வசதி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அனுபவத்துக்கு அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது எந்த மயக்கம் என்றாலும் கேட்க வேண்டிய கேள்வி. முதல் பல் சுகமாக முடிந்தால் இடப்பக்கத்துக்கு அவசரமில்லை, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் நாற்காலியில் உட்காரவே முடியாது என்று மனம் சொன்னால், தயங்காமல் முழு மயக்கத்துக்குப் போங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போனதும் டாக்டரிடம் பழைய கதையை முழுவதும் சொல்லுங்கள். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் போடச் சொல்லுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம் ஒரு விஷயம்: ஊசி வலியை நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. தள்ளுவது, அசைப்பது, எலும்பில் கருவி ஓடும் சத்தம் எல்லாம் தெரியும். தாடை காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் சத்தம் பெரிதாகவே கேட்கும். சுரீரென்று குத்தினால் மட்டும் கையைத் தூக்குங்கள். முடிந்த பிறகு மூன்று நான்கு மணி நேரம் உதடு கனமாகவே இருக்கும், தெரியாமல் கடித்துக்கொள்ள வேண்டாம். சூடான காப்பி அதுவரைக்கும் கிடையாது.

மரப்பு ஊசி மட்டும் என்றால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஊசி என்றதும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்து, மயக்கம் போட்டு விழுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.